உன் தாத்தாவின் துப்பாக்கி அசல்தானா என்ற விஷயமாக

ஓபர்பாக், கிளாருஸ் மாநிலம்
14 அக்டோபர் 2023, சனிக்கிழமை. இன்று எனக்கு எண்பத்து நான்கு வயது, இரண்டு மாதம், ஒன்பது நாள்.

அன்புள்ள பால்ட்ஸுக்கு, உன் அத்தை ரெகுலா எழுதுவது. முழங்கால்கள் இரண்டையும் தவிர்த்து நான் நலம். பாசலில் நீயும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன்; நலமாக இருக்கும்போது நீ எனக்குத் தொலைபேசியில் பேசுவதில்லை.

நீ ஏற்பாடு செய்த மதிப்பீட்டாளர் ஸ்விக்கி நேற்று வந்து போனார். உன் அப்பா காஸ்பர் இந்த வசந்தத்தில் கண்ணை மூடியதும் அவனிடமிருந்த ஸ்னைப்பர் துப்பாக்கி உனக்கு வந்தது. நீ அதைப் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதாக வாக்களித்தாய். அவர்களோ, ஒவ்வொரு உறுப்பும் அசல், துப்பாக்கி உன் தாத்தாவுடையதுதான் என்று வல்லுநர் ஒருவர் எழுதித் தந்தால் மட்டுமே வாங்குவோம் என்றார்கள். அதுவரை பொறுக்காமல் நீ பித்தளைப் பலகையில் ‘மத்தியாஸ் ரைனர், எல்லைப் படை ஸ்னைப்பர், 1943–45’ என்று பொறித்துப் பத்திரிகையிலும் செய்தி கொடுத்துவிட்டாய். ஆகவே நேற்று என் சமையலறை மேசையில் பரிசோதனைக்குக் கிடந்தது துப்பாக்கி மட்டுமல்ல, நம் குடும்பத்தின் பெயரும்தான்.

முதலில் போல்ட்டைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இந்த ஊர் ஆண்களின் ஒழுங்கு உனக்குத் தெரியும்: துப்பாக்கி பரணில் இருக்கும், இழுத்துத் தள்ளும் அந்த இரும்புத் தண்டைக் கழற்றி, எவன் கண்ணிலும் படாத வேறோர் இடத்தில் ஒளித்து வைப்பார்கள், ஒளித்த இடத்தைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லமாட்டார்கள். உன் அப்பா அந்த ஒழுங்கைக் கல்லறை வரை காப்பாற்றினான். மூன்று நாள் தேடினேன். அடுப்புக்குப் பின்னால் இல்லை, கடிகாரத்துக்குள் இல்லை, உன் அம்மாவின் தையல் பெட்டியில் இல்லை. கடைசியில் நிலவறையில் உலர்ந்த பேரிக்காய் மூட்டையின் அடியில் கிடைத்தது. இந்த நாட்டுப் பெண்கள் கைக்கு வாக்குச்சீட்டு வருவதற்கு நான்கு ஆண்டு முன்பே வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கியவள், பேரிக்காய்க்குள் தோள் வரை கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஸ்விக்கி மெலிந்த, வெளுத்த மனிதர். வெள்ளைக் கையுறை, பூதக்கண்ணாடி, சின்ன டார்ச் எல்லாம் வைத்திருந்தார். அவர் மேசைத் துணியை விரித்த அதே நிமிடத்தில், கூப்பிடாமலே அடுத்த வீட்டு ஹான்ஸ்யாக்கோப் ஹெஃப்டி உள்ளே வந்தான். துப்பாக்கிச் சங்கத்தின் முன்னாள் தலைவன், எண்பது வயது, காது மந்தம், வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

“என்ன டீச்சரம்மா, டாக்டர் வந்திருக்காராமே. நோயாளி பிழைப்பாளா?”

“வாயை மூடிக்கிட்டு உட்காருவேன்னா உட்காரு. காபி உண்டு.”

“காபி மட்டும்தானா? கூட கொஞ்சம் கிர்ஷ் சாராயம் ஊத்தினா என்ன குறைஞ்சா போயிடுவே?”

ஸ்விக்கி இடப்பக்கம் பொருத்தியிருந்த சிறு தொலைநோக்கியைத் தட்டிப் பார்த்தார், திருகாணிகளை எண்ணினார், மரத்தை மோந்துகூடப் பார்த்தார். “தொலைநோக்கி அசல்” என்றார். கால்மணி நேரம் கழித்து, “குழாய் அசல். நம்பர் கடைசி மூணு, நானூத்திப் பதினெட்டு.” பிறகு போல்ட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். பிடித்தவர் பிடித்தபடியே நின்றார். ஹான்ஸ்யாக்கோப்கூட உறிஞ்சுவதை நிறுத்தினான்.

“மன்னிக்கணும்மா. இது இருநூத்தி ஏழு. இந்தத் துப்பாக்கியோட போல்ட் இல்லை. நான் எழுதித்தர முடியாது.”

நான் என்ன செய்வேன், பால்ட்ஸ்? உன் பித்தளைப் பலகை கண் முன்னால் வந்தது. பத்திரிகைக்காரனின் சிரிப்பு வந்தது. அதற்குள் ஹான்ஸ்யாக்கோப் கோப்பையைத் தட்டிவிட்டு எழுந்துவிட்டான்.

“இருநூத்தி ஏழா? அட, அது என் துப்பாக்கி நம்பர்ய்யா! தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்!”

“அப்ப உங்க போல்ட்ல என்ன நம்பர் இருக்கு?” என்றார் ஸ்விக்கி.

“அதை யாரு பார்த்தா? வருஷா வருஷம் எண்ணெய் போட்டுத் துடைச்சேன். உட்கார்ந்து படிக்கவா செஞ்சேன்?”

கைத்தடியை மறந்துவிட்டு ஓடினான். அவன் திரும்பி வரப் பதினோரு நிமிடம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் ஸ்விக்கி என் சுவரில் இருந்த பட்டமளிப்புப் படத்தைப் பார்த்தார், நான் மேசைத் துணியில் பரவும் காபிக் கறையைப் பார்த்தேன். வந்தான். துணியில் சுற்றிய போல்ட்டைப் பச்சைக் குழந்தையைப் போல நீட்டினான். நானூற்றுப் பதினெட்டு!

“இப்ப புரியுது!” என்று தொடையில் அடித்துக்கொண்டான். “அறுபத்தெட்டாம் வருஷப் போட்டி. சுட்டு முடிச்சு எல்லாரும் ஒரே நீள மேசையில துடைச்சோம். எனக்குப் பக்கத்துல காஸ்பர். அப்பதான் மாறிப்போச்சு! அம்பத்தஞ்சு வருஷமா குறி தப்பும்போதெல்லாம் காத்தைத் திட்டினேனே, ரெகுலா!”

“காத்து மேல பாதி, கிர்ஷ் மேல பாதின்னு பிரிச்சுக்கோ” என்றேன். என் குரல் என் வசத்தில் இருந்தது எனக்கே வியப்பு.

இன்னும் முடியவில்லை. ஸ்விக்கி துப்பாக்கியைக் கவிழ்த்து, கட்டையின் அடியில் இருக்கும் இரும்புத் தகட்டின் திருகாணியை டார்ச் அடித்துப் பார்த்தார். வீரர்கள் தங்கள் பெயரைத் தாளில் எழுதி அந்தத் தகட்டுக்குள் மடித்து வைப்பது வழக்கமல்லவா.

“இங்க ஒரு கீறல் இருக்கு. யாரோ திறந்திருக்காங்க.”

“திறக்காம? ஈரம் சேர்ந்தா மரம் போயிடாதா? சோம்பேறி என்னைத் தவிர எவன்தான் திறக்கலை?” என்று ஹான்ஸ்யாக்கோப் எரிந்து விழுந்தான். அந்த மனிதனை முத்தமிடலாம் என்று எண்பத்து நான்கு ஆண்டுகளில் முதல்முறையாகத் தோன்றியது. கிர்ஷ் வாடை தடுத்தது.

திருகாணி சுழன்றது. தகடு வந்தது. இடுக்கியால் ஸ்விக்கி ஒரு தாளை எடுத்தார். பழுப்பேறி, நான்காக மடிந்திருந்தது. பூதக்கண்ணாடியை வைத்து, எழுத்தெழுத்தாக: “ரைனர், மத்தியாஸ். ஓபர்பாக். ஸ்னைப்பர்.” கையுறையைக் கழற்றி என் கையைக் குலுக்கினார். “இப்படி முழுசா அசலான ஒண்ணு என் கைக்கு வந்தது இதுதான் முதல் தடவை. மத்ததுலயாவது சந்தேகம் வரும். இந்தத் தாளைப் பார்த்த பிறகு வராது.” சான்றிதழில் கையொப்பமிட்டார். அது இத்துடன் இருக்கிறது. ஹான்ஸ்யாக்கோப் விறைப்பாக நின்று உன் தாத்தாவின் படத்துக்குச் சல்யூட் வைத்தான். நான் மேசையைத் துடைத்தேன்.

உனக்கும் உன் மனைவிக்கும் நீண்ட ஆயுளும், குனிந்து நிமிரும் முழங்கால்களும் வாய்க்கட்டும்.

உன் அத்தை,
முனைவர் ரெகுலா ரைனர்

பி.கு.: இந்தக் கடிதத்தை மடித்து உறையில் போட்ட பிறகு ஹான்ஸ்யாக்கோப் வேலிக்கு மேலாகக் கத்தினான்: வரும் வியாழக்கிழமை ஸ்விக்கி அவன் துப்பாக்கியையும் பார்க்க வருகிறாராம், தகட்டையும் கழற்றுவாராம். ஆகவே நாற்பத்தொன்பது ஆண்டுகளாகச் சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன். நேற்று வெளியே வந்த தாளை எழுதியவள் நான். 1938-ஆம் ஆண்டுப் பாட்டுப் புத்தகத்தின் வெற்றுப் பக்கம், அப்பாவின் பேனா, ஒரு கோப்பை கடுங்காபி. நான் பழைய ஆவணங்களைப் பற்றி ஐந்து ஆண்டு படித்ததற்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பயன். அப்பா இறந்த மறுநாள் தகட்டைத் திறந்தேன். உள்ளே இருந்த பெயர் யாக்கோப் ஹெஃப்டி, ஹான்ஸ்யாக்கோபின் அப்பா. அந்தத் தாளை அடுப்பில் போட்டேன்; எனக்கு முப்பத்தைந்து வயது, அப்பாமேல் கொஞ்சம் மரியாதை மிச்சமிருந்தது. பிறகு அம்மாவே சொன்னாள்: எல்லையில் ஸ்னைப்பராக இருந்தவர் யாக்கோப். போருக்குப் பின் அந்தத் தொலைநோக்கித் துப்பாக்கியை வீட்டில் வைத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. அப்பாவுக்கோ அதன்மேல் ஆசை. வேலியில் வைத்துத் துப்பாக்கிகளை மாற்றிக்கொண்டார்கள்; அவரவர் வீட்டில் ஒளித்திருந்த போல்ட்டுகள் இருவருக்குமே ஞாபகத்துக்கு வரவில்லை. யாக்கோப் சீக்கிரம் போய்ச் சேர்ந்தார், அதன் பிறகு மதுக்கடையில் ஸ்னைப்பர் கதையும் துப்பாக்கியோடு அப்பாவுக்கு வந்துவிட்டது. உன் தாத்தா போர் முழுவதும் ஓட்டியது கோவேறு கழுதைகளை. ஹான்ஸ்யாக்கோபின் துப்பாக்கித் தகட்டுக்குள் இருக்கும் தாளில் அவர் தன் கையாலேயே அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறாராம்.