கயிறு கட்டிக்கொண்டு கதை படித்தவர்

கதை படித்தால் செத்துப்போய்விடுவோம் என்று நிஜமாகவே பயந்து, அப்படியும் ஒரு வாரப் பத்திரிகைகூட விடாமல் படித்துத் தீர்த்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தூத்துக்குடியில் இருந்தார். பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. ஊருக்கெல்லாம் அவர் ‘கயித்து அண்ணாச்சி’.

யுத்த காலம். நான் சாத்தான்குளத்திலிருந்து வந்து ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். ஆபீஸ் விட்டதும் கடற்கரைப் பக்கம் இருந்த வாசகசாலைக்குப் போவேன். ஒரு நீள மேஜை, இரண்டு பெஞ்சு, காகிதப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாகிவிட்ட பத்திரிகைகள். முதல் நாள் சாயங்காலமே, கறுத்து ஒடிசலான ஓர் ஆள் எதிர் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். மடியிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து ஒரு முனையைத் தன் இடுப்பில் கட்டினார். மறு முனையை மேஜைக்கு மேலாக என்னிடம் நீட்டினார்.

“தம்பி, இதைக் கொஞ்சம் பிடியும். ரெண்டு சுண்டு சுண்டுனேன்னா ஒடனே இழுத்துரும்.”

“எதுக்கு அண்ணாச்சி?”

“கதை படிக்கப் போறேம்லா!”

பக்கத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த பள்ளிக்கூட வாத்தியார் தலை நிமிராமலே சொன்னார்: “பிடியும் வே. போன வாரம் பூரா நான்தான் பிடிச்சேன்.”

அண்ணாச்சி சங்கு குளிக்கும் தோணியில் இருபது வருஷம் கயிறு பிடித்தவர். ஆழம் போகக் கனமான கல்லைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்குகிறவன் இடுப்பில் கயிறு இருக்கும். மூச்சு முட்டும்போது அவன் கயிற்றைச் சுண்டுவான். தோணியில் இருப்பவர் இழுத்து மேலே கொண்டுவர வேண்டும். அந்த வேலையை அவர் விட்டு ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. ஏன் விட்டார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அவர் படிப்பதைப் பார்க்கவே பயமாக இருக்கும். முதல் வரிக்கு முன்னால் மூச்சை இழுத்து அடக்குவார். அப்புறம் விடவே மாட்டார். கன்னம் உப்பும், கண் சிவக்கும். எத்தனை நேரம் தாங்குகிறார் என்று ஒருநாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். கடிகாரம்தான் நின்றுபோனது. கயிறு சுண்டியதும் இழுத்தேன். ‘ஹா’வென்று மூச்சு வாங்கிக்கொண்டே விமர்சனத்தை ஆரம்பித்தார்.

விமர்சனம் எல்லாம் பாகக் கணக்குதான். இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம்; கடலின் ஆழத்தை அப்படித்தான் அளப்பார்கள். தீபாவளி மலரில் படத்தோடு வந்த ஒரு காதல் கதைக்கு, “பாகமாவது ஒண்ணாவது, கரண்டைக் கால்கூட நனையலை” என்றார். மாதம் தவறாமல் நிலாவைப் பாடும் ஒரு புலவரின் விருத்தத்துக்கு, “கல்லு நல்ல கல்லு. ஆள்தான் எறங்கலை” என்றார். எதுகை மோனை இல்லாத வசன கவிதை அப்போதுதான் கிளம்பியிருந்தது. வாசகசாலையே அதை வைதுகொண்டிருந்தது. அண்ணாச்சி ஒன்றைப் படித்துவிட்டு முதல் வரிக்கே திரும்பிப் போய் இன்னொரு தரம் பார்த்தார்.

“கல்லைக் கட்டிக்கிட்டு எறங்குனாத்தான் அடிமண்ணுக்குப் போலாம். இந்தப் பய கல்லு இல்லாமக் குதிச்சிருக்கான். ஆனா போய்ச் சேந்துட்டான் வே. எப்படிப் போனாம்னுதான் தெரியலை.”

வசன கவிதையைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இதெல்லாம் சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் அவர் காய்ந்த கயிறாகக் கொடுப்பார், நான் சுற்றித் திருப்பிக் கொடுக்கும்போது அது ஈரமாக இருக்கும். கை வியர்வை என்று நினைத்தேன். ஒருநாள் விரலை நக்கிப் பார்த்தேன். உப்பு. வியர்வையும் உப்புதானே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

இன்னொரு நாள் வாத்தியார் கயிறு பிடித்தார். நடுவில் மூக்குப்பொடி எடுக்கக் கயிற்றைக் கீழே வைத்துவிட்டார். அண்ணாச்சி படித்துக்கொண்டிருந்தது ஆற்றில் மூழ்கிச் சாகிற ஒரு தஞ்சாவூர் மிராசுதாரின் கதை. நாங்கள் திரும்பிப் பார்க்கும்போது அண்ணாச்சியின் உதடு நீலம் பாரித்திருந்தது, கண் இமைக்கவில்லை. இருவரும் சேர்ந்து இழுத்தோம். எழுந்தவர் எங்களை மேலும் கீழும் பார்த்து, “யாருங்காணும் நீங்கள்? என் வண்டியைக் கொண்டுவரச் சொல்லும்!” என்றார். மதுரையைக்கூடப் பார்த்திராத மனுஷர்! அந்தத் தஞ்சாவூர்ப் பேச்சு தெளிய ஒரு மணி நேரம் பிடித்தது. அதன் பிறகு வாத்தியார் கயிறு பக்கமே வரவில்லை. வேலை நிரந்தரமாக என் தலையில் விழுந்தது.

எனக்கு அப்போது எழுத்தாளர் ஆசை. அண்ணாச்சியின் கயிற்றை நினைத்துக்கொண்டே ஒரு கதை எழுதினேன். தோணியில் கயிறு பிடித்தவன் தூங்கிவிட, சங்கு குளித்தவன் கடலிலேயே போய்விடுகிறான். ஒரு வாரப் பத்திரிகையில் போட்டுவிட்டார்கள். பெருமை தாங்காமல் அதை அவர் முன்னால் விரித்தேன்.

“நான் எழுதுனது அண்ணாச்சி. எத்தனை பாகம்னு சொல்லணும்.”

தலைப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இடுப்பில் வழக்கத்துக்கு மாறாக இரண்டு முடிச்சுப் போட்டார். “கெட்டியாப் பிடியும்” என்று மட்டும் சொன்னார்.

கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டார். இன்னும் பத்தே வரி. கயிறு இரண்டு முறை சுண்டியது. எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் என் சாமர்த்தியம் முழுவதையும் அந்தக் கடைசிப் பத்து வரியில்தான் கொட்டியிருந்தேன். படித்துவிடட்டுமே என்று சும்மா இருந்தேன். மறுபடி பலமாகச் சுண்டியது. அப்போதுதான் கவனித்தேன். அவருடைய இரண்டு கையும் பத்திரிகையின் மேல் இருந்தன. கயிறு மேஜைமேல் இல்லை. என் கையிலிருந்து நேர் கீழாக, தரையைப் பார்த்து விறைத்து நின்றது. பிறகு தொய்ந்தது.

அலறிக்கொண்டு இழுத்தேன். அண்ணாச்சி மேஜைமேல் கவிழ்ந்து விழுந்து மூச்சு வாங்கினார்.

“ஏழு பாகம் தம்பி. நல்ல ஆழம்” என்றார். “ஆனா ஒண்ணு தப்பா எழுதிட்டீரு. கயிறு பிடிச்சவன் உறங்கலை.”

பத்திரிகையை மூடி என் பக்கம் தள்ளினார்.

“எறங்குனது எந்தங்கச்சி மாப்பிள்ளை. தங்கச்சி தாலிய நெனச்சாவது மச்சான் விடமாட்டாம்னு எங்கிட்டக் கயித்தைக் குடுத்தான். சுண்டு வந்துச்சு. முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். இப்பதானே எறங்குனான், இன்னும் ரெண்டு சங்கு எடுக்கட்டும்னு இருந்துட்டேன். இப்ப நீரு இருந்தீர்லா, அதே மாதிரி. ஒடம்புகூடக் கெடைக்கலை. அதான் கதைகதையா எறங்கித் தேடுதேன்.”

“மன்னிச்சிருங்க அண்ணாச்சி. நீங்க சுண்டுனப்பவே இழுத்திருக்கணும்.”

“நான் சுண்டலையே தம்பி” என்றார்.

அன்று ராத்திரி எனக்குப் பயம் பாதி, வெட்கம் மீதி. ஒரு மனுஷன் உயிரைவிட என் பத்து வரி எனக்குப் பெரிதாகப் போயிற்றே என்று என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. மறுநாள் வாசகசாலையில் ஒரு மூலையில் போய் உட்கார்ந்தேன். அண்ணாச்சி வந்தார். நான்கு பேரைத் தாண்டி என்னிடமே வந்து கயிற்றை நீட்டினார்.

“எங்கிட்டயா?”

“பின்ன யாருட்ட? ஒருக்கா விட்டவனுக்குத்தான் வே அந்தப் பயம் தெரியும்.”

அவர் இருந்தவரை நான்தான் பிடித்தேன். அதன்பின் ஒரு சுண்டுக்கும் நான் காத்திருந்ததில்லை. அவர் முகம் லேசாக மாறினாலே இழுத்துவிடுவேன். “கதையில அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆச்சான்னு பாக்க விடமாட்டேங்கீரே, வெளங்குவீரா வே?” என்று தினமும் ஏசுவார். அப்புறம் ஒரு கதையின் முடிவையும் பார்க்காமலே அவர் காலம் முடிந்தது. ஏசினால் ஏசட்டும், எனக்கு அவர் மேலே வந்தால் போதும் என்றிருந்தது.