டயர்டுக்கு மேற்பட்டவர்

களைத்துப்போகிறவர்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவர்கள் பாவம், படுத்துவிடுவார்கள். நான் சொல்ல வந்தது களைப்பை அறிவிக்கிறவர்களைப் பற்றி. அறிவிப்பது என்றால் ஏனோதானோ என்று இல்லை. ஆங்கிலத்தில், அதுவும் செருப்புக்கடையில் பத்து ஜோடியை இறக்கச் சொல்லி ஒவ்வொன்றாகக் காலில் மாட்டிப் பார்ப்பது போல ஒவ்வொரு சொல்லையும் போட்டுப் பார்த்து, இது பிடிக்கிறது, இது தொளதொள, இது நம் தகுதிக்குக் குறைவு என்றெல்லாம் ஆராய்ந்து முடித்த பிறகுதான் நாற்காலியில் சாய்வார்கள். இந்த இனத்தை நீங்கள் பார்த்ததே இல்லை என்றால் நான் நம்பமாட்டேன்.

நான் சொல்லும் ஆசாமி, தண்ணீர் மோட்டார் விற்கிற ஒரு கம்பெனியில் உதவி மேலாளர். அவருடைய கணக்கில் களைப்பு என்பது உடம்பில் வருவதல்ல, பதவியில் வருவது. ‘டயர்ட்’ என்பது கிடங்கில் பெட்டி தூக்குகிறவர்களுக்கும் வாசல் காவலாளிக்கும் உரியது. அதை அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. ‘வீக்’ நோயாளிகளுக்கு. ‘எக்ஸாஸ்டட்’ உதவி மேலாளரிலிருந்து தொடங்குகிறது. மீட்டிங் முடிந்து வந்தால் அது ‘டிரெய்ன்ட்’. பிடரியைப் பிடித்துக்கொண்டு சொல்லும்போது ‘ஃபட்டீக்’. எல்லாவற்றுக்கும் மேலே, உச்சாணிக் கொம்பில், ‘பர்ன் அவுட்’. அதை மட்டும் அவர் இன்னும் தொடவில்லை. மேலாளர் பதவி உயர்வு வந்ததும் உபயோகிக்கலாம் என்று புதுச்சட்டை மாதிரி மடித்து வைத்திருந்தார்.

சொல்லைத் தேர்ந்தெடுத்தால் போதுமா? யாராவது கேட்க வேண்டாமா? அதற்கும் ஒரு முறை உண்டு. மீட்டிங் அறையிலிருந்து வெளியே வருவார். தன் மேசை முன்னால் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றுவார். இரண்டு விரலால் மூக்குத்தண்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்றால் ஒரு பெருமூச்சு. அதற்கும் மசியவில்லை என்றால் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து கழற்றுவார். கடைசியில் யாராவது மனமிரங்கி, “என்ன சார், டயர்டா?” என்று கேட்டால் போச்சு. டயர்டுக்கும் டிரெய்ன்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மோட்டாரை வைத்தே விளக்குவார். தொட்டியில் தண்ணீர் தீர்ந்தால் அது டிரெய்ன்ட். தண்ணீர் இருந்தும் மோட்டார் இழுக்காமல் நின்றால் எக்ஸாஸ்டட். டயர்ட் என்பது வெறும் சுவிட்சை அணைத்து வைப்பது, அவ்வளவுதான். கேட்டவர் அன்றிலிருந்து வேறு வழியாகச் சுற்றிப் போவார். அலுவலகத்தில் அவருக்கு ‘எக்ஸாஸ்ட் ஃபேன்’ என்று பெயர். அவர் காதுக்கு மட்டும் அது இன்னும் எட்டவில்லை.

தன் களைப்போடு நின்றால் பரவாயில்லை. அடுத்தவர் களைப்பையும் அவர்தான் அளந்து கொடுப்பார். விற்பனைக் கணக்கு பார்க்கிற ஒரு பெண், மாதக் கடைசியில் வீட்டுக்கும் ஆபீசுக்கும் ஓடி ஓடிக் கண்ணெல்லாம் குழி விழுந்து, பர்ன் அவுட் ஆயிட்டேன் சார், ரெண்டு நாள் லீவு வேணும் என்று வந்து நின்றாள். அவர் மடித்து வைத்திருந்த சட்டையை அவள் போட்டுக்கொண்டு எதிரில் வந்தது போல் இருந்தது அவருக்கு. முகம் சுண்டிவிட்டது.

“உனக்கு சர்வீஸ் எத்தனை வருஷம்?”

“ரெண்டு, சார்.”

“ரெண்டு வருஷத்துல பர்ன் அவுட் வராதும்மா. டயர்ட்னு சொல்லு, லீவு தரேன்.”

அவள் சொன்னாள். லீவு கிடைத்தது. ஒருநாள்தான். டயர்டுக்கு எதற்கு இரண்டு?

வீட்டுக்கு வருவோம். அவருடைய மனைவி பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து சமைத்துவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டு போய், வகுப்பில் நின்றுகொண்டு பாடம் நடத்தி, திரும்பி வந்து அடுப்படியில் நின்று, பிறகு பரீட்சைத் தாள்களைத் திருத்துவதற்காகத்தான் முதல்முறையாக உட்காருகிற பெண்மணி. வேடிக்கை என்னவென்றால் அவர் நடத்துவது ஆங்கிலப் பாடம். கணவருக்குத் தெரிந்த சொல் அத்தனையும் அவருக்கும் தெரியும், கூடவே நாலு சொல்லும் தெரியும். எதையும் தனக்கென்று எடுத்துப் போட்டுக்கொண்டதில்லை.

சில வாரங்களாகவே அந்த அம்மாள் மாடிப்படி ஏறும்போது பாதியில் நிற்பார். சீப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தலை வாரவும் தெம்பில்லாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் சாப்பாடு பரிமாறிக்கொண்டே, “என்னமோ முடியலங்க” என்றார்.

“முடியலன்னா எப்படி? அதுல ஆயிரம் இருக்கே. உடம்பா, மனசா? எக்ஸாஸ்டடா, டிரெய்ன்டா? கரெக்டா சொன்னாத்தானே புரியும்?”

“தெரியலங்க. முடியல, அவ்வளவுதான்.”

இங்கிலீஷ் டீச்சரே இப்படிச் சொன்னால் பிள்ளைகள் கதி என்ன என்று அவர் வருத்தப்பட்டார். தொட்டியும் மோட்டாரும் மறுபடி வந்தன. அம்மாள் கேட்டுக்கொண்டே அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தார். முடியவில்லை என்று அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை சொன்னார். அப்புறம் சொல்வதை விட்டுவிட்டார். குறை சரியாகிவிட்டது என்று நம்மாள் முடிவு கட்டினார்.

ஒரு சாயங்காலம் சோபாவில் சாய்ந்து, அன்றைய மீட்டிங்குக்குப் பொருத்தமான சொல்லைத் தேடிக்கொண்டிருந்தார். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. நல்லவேளை, இப்போதுதான் கொஞ்சம் நிம்மதி என்று கண்ணை மூடினார். தீய்ந்த வாடை வந்த பிறகுதான் எழுந்து போனார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மனைவி தரையில் சுருண்டு கிடந்தார், கையில் கரண்டியோடு.

மருத்துவமனையில் டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, ரத்தம் பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறது என்றார். எவ்வளவு நாளாக இப்படி இருக்கிறது என்று கேட்டார். நம்மாளுக்குத் தெரியவில்லை. சரியாகச் சாப்பிடுகிறார்களா? அவர் முதலில் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறவர், தெரியவில்லை. ராத்திரி தூங்குகிறார்களா? அவர் முதலில் தூங்கிவிடுகிறவர், அதுவும் தெரியவில்லை. மூச்சு வாங்குமா, தலை சுற்றுமா என்று கேட்டதற்கும் அதே ‘தெரியவில்லை’தான். தன்னைப் பற்றி ஒருவர் இப்படிக் கேட்டிருந்தால் மடைதிறந்த மாதிரி பேசியிருப்பார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

“நீங்க இவங்களுக்கு யாரு?”

அன்றைக்கு அவருக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றாமலே அழுதார். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் வெட்கம் ஒரு ராத்திரி தாங்கும். இனத்தின் குணம் ஆயுளுக்கும் தாங்கும்.

மறுநாள் மச்சான் வந்தார், கூடவே பழப்பையும் கவலையுமாக மச்சான் பெண்டாட்டி. அக்காவுக்கு எப்படி இருக்கிறது என்று மச்சான் கேட்டார். நம்மாள் மெல்லக் கண்ணாடியைக் கழற்றினார். மூக்குத்தண்டைப் பிடித்தார்.

“அவளுக்கு ரத்தம் ஏத்துறாங்க, சரியாயிடும். என்னைக் கேளுங்க. ஆஸ்பத்திரி நாற்காலியில ஒரு ராத்திரி. டிரெய்ன்ட் எல்லாம் தாண்டியாச்சு மச்சான். இதுக்குப் பேருதான் பர்ன் அவுட்.”

கட்டிலில் கிடந்த அம்மாள் கண் திறந்தார். பாட்டிலைச் சரிபார்க்க வந்த நர்ஸைக் கூப்பிட்டார்.

“சிஸ்டர், இவருக்கும் பக்கத்துல ஒரு கட்டில் போட முடியுமா?”

நர்ஸ் பதறி, சாருக்கு என்ன என்று கேட்டாள்.

“அவர்கிட்டயே கேளுங்க, விவரமா சொல்லுவாரு. அதுக்குள்ள நான் கொஞ்சம் தூங்கிக்கறேன்.”

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

போகட்டும். இவ்வளவு தூரம் பொறுமையாகப் படித்திருக்கிறீர்கள். கண் லேசாக எரியும், ஒரு கொட்டாவிகூட வந்திருக்கும். யாராவது வந்து என்ன ஆச்சு என்று கேட்டால் சொல்வதற்கு நாக்கு நுனியில் ஒரு வார்த்தை நிற்கிறது, இல்லையா? டயர்ட் இல்லை, அதற்கு மேலே ஏதோ ஒன்று. நினைத்தேன். தாராளமாகச் சொல்லுங்கள், யார் வேண்டாம் என்றது? அதற்கு முன்னால் சமையலறைப் பக்கம் கொஞ்சம் காது கொடுங்கள். பாத்திரச் சத்தம் நின்று எவ்வளவு நேரமாகிறது?