கட்டிப் பட்டாணி

தொழிற்சாலையில் பட்டாணி மறுபடியும் கட்டி கட்டியாக ஃப்ரீசரிலிருந்து விழுந்தது.

"வெளிக்காத்து எங்கேயோ உள்ள பூந்து பனியாப் படியுதுய்யா," என்றார் மேனேஜர். "சாயங்காலத்துக்குள்ள அடைக்கலன்னா வெளியாளைக் கூப்பிடுவேன். அப்புறம் உனக்கு இங்க வேலை இல்ல."

மெக்கானிக் கடவுளை வேண்டிக்கொண்டு, கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு, அந்த அறை போன்ற ஃப்ரீசருக்குள் போனார். பட்டாணியைச் சுமந்து செல்லும் பெல்ட் நுழையும் வாயில் தொங்கிய பிளாஸ்டிக் பட்டைகளை நெருக்கி மாட்டினார். வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து உலகமே வெள்ளையானது. துடைத்து முடிப்பதற்குள், தரை துடைக்கும் அக்கா சூடான டீயைக் கையில் கொடுத்துவிட்டார்.

போன வருஷம் உள்கைப்பிடி உறைந்துபோய் அவர் ஃப்ரீசருக்குள் மாட்டிக்கொண்டபோது, சத்தம் கேட்டு ஓடிவந்து கதவைத் திறந்தவர் இந்த அக்காதான். மறுநாளே புதுக் கைப்பிடி போட்டாகிவிட்டது. ஆனாலும் காப்பாற்றிய கையை மறக்கலாமா? வெளியே வரும்போதெல்லாம் கடவுளுக்கு ஒரு நன்றி, அக்காவுக்கு ஒரு நன்றி என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வார்.

நெருக்கிய பட்டைகள் பாதிப் பட்டாணியைத் தரையில் தள்ளின. மீதி கோலிக்குண்டு அளவில் ஒட்டிக்கொண்டு வந்தது. மறுபடி உள்ளே போய்ப் பட்டைகளைத் தளர்த்தினார். கட்டி எலுமிச்சை அளவாயிற்று. விசிறியின் வேகத்தைக் குறைக்க உள்ளே போய் வெகுநேரம் போராடினார். தேங்காய் அளவில் ஒன்று உருண்டு வந்து மேனேஜரின் காலடியில் நின்றது.

மேனேஜர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். "நீ லீவு போட்ட அன்னிக்கெல்லாம் பட்டாணி முத்து முத்தா வருது. உன்னைக் கண்டாத்தான் இந்த மிஷின் மூஞ்சியைத் தூக்குது."

மெக்கானிக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கடைசித் தடவையாக உள்ளே போனார். எங்கும் ஓட்டை இல்லை. நடப்பது நடக்கட்டும் என்று திரும்பி வந்து கதவைத் தள்ளினார்.

கண்ணாடி இல்லாததால் இந்தத் தடவை வெளியே எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கதவிடுக்கில் ஒரு தடித்த நீலத் துணி. கை நுழையும் அளவு சந்து. அதன் வழியே குளிர் புகைபோல வெளியேறிக்கொண்டிருந்தது. ஒரு கையில் டீயுடன் குனிந்து, மறுகையால் துணியை உருவிக்கொண்டிருந்தார் அக்கா.

"என்னக்கா இது?"

"அந்தப் புதுக் கைப்பிடியை எவன் நம்புவான் தம்பி? அன்னிக்கு நீ மாட்டினதுலேர்ந்து, நீ எப்ப உள்ள போனாலும் கதவு மூடிக்காம நான்தான் துணி வச்சுக் காவல் நிக்கறேன்."