பதினொரு ஆடும் தொலைந்த ஞாயிறு

பூவரசங்குளம்,
திங்கட்கிழமை காலை.

அன்பு மச்சாள் ஜெயரூபிக்கு,

அத்தான் தவராசா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உம்முடைய அக்கா விமலேஸ்வரியும், அவளுடைய முழங்கால் நோவு ஒன்று நீங்கலாக, முழுச் சுகம். முல்லைத்தீவில் நீரும், பிறந்து இருபது நாளான என் பெறாமகனும், பிள்ளையை ஆட்டி ஆட்டி நித்திரை மறந்திருக்கும் உம்முடைய அவரும் அதேபோல் இருக்க வேண்டுமென்று பிள்ளையாரையும், கையோடு உம்முடைய ஆண்டவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீர் பாதியில் சிரிப்பீர், பிறகு அழுவீர், பச்சை உடம்புக்காரியை அழவைத்துவிட்டேன் என்று அக்கா என்னைப் பிடித்துத் தின்பாள். ஆகவே எழுத்தில் சொல்கிறேன். நீர் வரும்வரை ஆறு ஞாயிறு உம்முடைய ஞாயிறு பள்ளியைப் பார்க்கிறேன் என்று தலையாட்டினேன் அல்லவா, அதற்கு நான் சரிவரமாட்டேன். கோயில் அறையைப் பூட்டி, திறப்பை இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

நடந்ததைக் கேளும். நீர் தந்த 'விளையாடிக்கொண்டே வேதக்கதை' புத்தகத்தில் இந்தக் கிழமை காணாமற்போன ஆடு. ஒரு பிள்ளை ஒளிக்கும், மற்றவர்கள் கயிற்றுப் பட்டிக்குள் நிற்பார்கள், மேய்ப்பன் தேடிப் பிடித்துத் தோளில் தூக்கி வருவான், எல்லோரும் கூடி மகிழ்வார்கள். மகிழ்வதற்கென்று விமலேஸ்வரி வாழைப்பழம் பிசைந்து வாய்ப்பன் சுட்டாள். மேய்ப்பன் நான், நெற்றியில் திருநீற்றோடு. இதில் என்ன பிழை வரப்போகிறது என்று நினைத்துத்தான், காணாமற்போகும் ஆட்டுக்கு இரண்டு வாய்ப்பன், மற்ற ஆடுகளுக்கு ஒன்று என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பெரியவன் சாருஜன் உடனே கையைத் தூக்கினான். "மாமா, துலைஞ்ச ஆட்டுக்குத் தோளும் இருக்கு, ரெண்டு வாய்ப்பனும் இருக்கு. துலையாமல் ஒழுங்கா நிண்ட ஆட்டுக்கு என்ன இருக்கு?" முப்பத்திரண்டு வருசம் குளத்துத் துருசுக் கதவைத் திறந்து பூட்டி வயலுக்குத் தண்ணீர் விட்டவனிடம் கேட்கிற கேள்வியா இது? பதில் தேடிப் புத்தகத்தைப் புரட்டினேன். நான் புரட்டி முடிப்பதற்குள் பன்னிரண்டு பிள்ளைகளில் பதினொன்று தொலைந்துவிட்டது.

நான் பயப்படவில்லை, ஏனென்றால் முன்னேற்பாடு செய்திருந்தேன். குளத்தடியில் மாடு மேய்க்கிற மாயாண்டியிடம் மாட்டு மணிகளை இரவல் வாங்கி ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் கட்டியிருந்தேன். "என்னாங்க ஐயா, மாட்டு மணியப் புள்ளைங்க கழுத்துலயா கட்டப் போறீங்க?" என்று அந்த மனுசன் கேட்டபோதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பட்டிக்குள் ஒரே ஒரு ஆடு நின்றது. யதுர்ஷிகா. உமக்குத் தெரியும், தாய் குவைத்துக்குப் போய் இரண்டு வருசம், சித்தியோடு இருக்கிற ஐந்து வயதுக் குஞ்சு. "ஏன் பிள்ளை, நீ ஒளிக்கப் போகேல்லையோ?" என்று கேட்டேன். கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நான் துலையமாட்டன். துலைஞ்ச பிறகு ஒருத்தரும் தேடாட்டி?" மச்சாள், நான் அவளுக்கு முன்னால் குந்தினேன். "மாமா தேடுவன். எத்தினை பேர் துலைஞ்சாலும் கண்டுபிடிக்கும்வரைக்கும் தேடுவன். நீ இருந்து பார்" என்று சொல்லிவிட்டுக் குளக்கட்டில் ஏறினேன்.

அந்த மூன்று மணி வெயிலில் குளம் அசையாமல் கிடந்தது. தண்ணீரோர அலைகரையில் இருந்து மணிச் சத்தம் வந்தது. டொக், டொக் என்று ஒன்று இங்கே, ஒன்று அங்கே. நான் சத்தத்தின் பின்னால் நடந்தேன். சத்தம் முன்னால் நடந்தது. மருத நிழலும் தண்ணீர் மினுக்கமும் தும்பிகளுமாகக் கால் எங்கே போகிறதென்றே தெரியவில்லை. ஒரு மைல் நடந்து பற்றையை விலக்கினால், கழுத்தில் மணியோடு மாயாண்டியின் நாம்பன் மாடு அசைபோட்டுக்கொண்டு நின்று என்னைப் பார்த்தது. பதினொரு மணியும் மாடுகளின் கழுத்திலேயே திரும்பக் கட்டப்பட்டிருந்தது. சாருஜனின் வேலை. இந்த ஊரில் பிறந்த பிள்ளைகளுக்கு ஒளிக்கச் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை, சண்டைக் காலத்தில் தாய்தகப்பனுக்கே அது கைவந்தது. ஒரு நிமிசம் இளைப்பாறுவம் எண்டு மருத வேரில இருந்தன். இருந்ததுதான் பிழை.

கனவில் நான் பழையபடி துருசுக் கதவைச் சுற்றுகிறேன். தண்ணீர் வரவில்லை. வெள்ளை வெள்ளையாக ஆடுகள் வருகின்றன. வாய்க்கால் நிறைய ஆடுகள், சத்தமே இல்லாமல், கடைசி வயல்வரைக்கும் போய்க்கொண்டே இருக்கின்றன. எங்கேயோ தூரத்தில் என் பெயரைக் கூப்பிடுகிறார்கள். எனக்கு எழும்ப மனமில்லை, அவ்வளவு சுகம்.

அங்கே பட்டியடியில் கதை வேறு. ஆடுகளுக்குப் பசித்துத் தாமாகவே பட்டிக்கு வந்துவிட்டன. மேய்ப்பனைக் காணவில்லை. "முதல் சாப்பிடுவம், பிறகு தேடுவம்" என்று சாருஜன் வாய்ப்பன் சட்டிக்குக் கை நீட்ட, யதுர்ஷிகா குறுக்கே நின்றாளாம். "மாமாவைத் தேடோணும். அதுவரைக்கும் ஒருத்தரும் தின்னக்கூடாது!" அந்த நேரம் பார்த்துப் பிள்ளைகளைக் கூட்டிப்போகத் தாய்தகப்பன்மாரும் வந்து, வகுப்பைப் பார்வையிடப் போதகரும் வந்து சேர்ந்தாராம். ஒரு ஆளைக் காணேல்லை எண்டால் இந்த ஊரில ஏன், எதுக்கு எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினம், செருப்பைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டிடுவினம். உமக்குச் சொல்லத் தேவையில்லை. வெள்ளை அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு போதகர் உட்பட ஊரே குளக்கட்டில.

நான் கண் முழிக்க என்னைச் சுத்தி மாடுகள். மாடுகளுக்கு நடுவில ஒரு சின்னக் கை என்ர மூக்கைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது. "மாமா இருக்கிறார்! இஞ்சை இருக்கிறார்!" எண்டு யதுர்ஷிகா போட்ட சத்தத்தில கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது. பிறகு கதையில உள்ளபடி என்னைத் தோளில தூக்கப் பார்த்தாள். முடியேல்லை. கொஞ்சம் யோசிச்சிட்டு, என்ர கையை எடுத்துத் தன்ர தோளில வைச்சு, பட்டிவரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஊர் சிரிச்சுது. நான் சிரிக்கேல்லை.

போதகர் மூன்று வாய்ப்பன் தின்றுவிட்டுப் போனார். இன்னொரு குழப்பம் நடந்தால் உம்முடைய பிள்ளைகளை பட்டணத்துக் கோயில் வகுப்போடு சேர்ப்பதாக அவர் முந்தியே சொன்னவர். ஏழு வருசம் நீர் கட்டிக் காத்ததை மூன்று ஞாயிறில் முடித்துவிட்டேன் போலிருக்கிறது. அதைவிட, தேடுவேன் என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லிவிட்டு நித்திரை கொண்டவன் நான். எனக்கு அந்த வேலை வேண்டாம், மச்சாள். வேறு ஆளைப் பாரும்.

பெறாமகனின் உச்சியில் என் பெயரால் ஒரு கொஞ்சல். பிள்ளை பெற்ற உடம்புக்கென்று தருகிற சரக்குக் கறியைக் காரமென்று ஒதுக்காமல் சாப்பிடும். அக்கா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
வெட்கத்தோடு அத்தான்
தவராசா

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரம் போதகர் சைக்கிளில் வந்தார். வகுப்பை மூடத்தான் என்று எழுந்து நின்றேன். வாற ஞாயிறு தன்ர கழுத்தில கட்டவும் ஒரு மாட்டு மணி மிச்சம் இருக்குமோ எண்டு கேட்டார். அவருக்குப் பின்னால பள்ளிக்கூட உடுப்போட யதுர்ஷிகா. என்னைக் கண்ணுக்கு நேரே பார்த்துச் சொன்னாள்: "மாமா, வாற கிழமை நான் துலையப் போறன். நீங்கள் நித்திரை கொள்ளக்கூடாது." ஆகவே உறைக்குள் திறப்பைத் தேடாதையும், அதை வெளியில எடுத்திட்டன். நீர் ஆறுதலா வாரும், அவசரமில்லை.