ஜாடி நிறைய முட்டை

"ஒண்ணாவது இருக்கா?" என்று சமையலறை ஜன்னலிலிருந்து மனைவி கேட்டாள்.

கோழிக்கூண்டுக்குள் இடுப்புவரை நுழைந்திருந்த மனிதர் பின்பக்கமாகவே வெளியே வந்தார். தலையில் வைக்கோல், முழங்கையில் கோழி எச்சம், கையில் ஒன்றும் இல்லை.

"கோழிங்க இன்னும் செட்டில் ஆகலை."

"நானே செட்டில் ஆயிட்டேன். அதுங்களுக்கு என்ன கேடு?"

அவருக்கு அலுவலகத்தில் 'ஆபத்து' என்று பெயர். காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்துப் பார்த்து, எதைக் கண்டாலும் அது எப்படி இடிந்து விழும், எப்படித் தீப்பிடிக்கும் என்றுதான் அவருக்குத் தோன்றும். சக ஊழியர் புது மின்விசிறி வாங்கினால், அது கழன்று விழுந்தால் யார் யார் தலையில் விழும் என்று விளக்குவார். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்களிடம் மண்டபத்துக்குப் பின்வாசல் உண்டா என்று கேட்டவர் அவர்.

ஓய்வு பெற்றதும் ஊருக்கு வெளியே ஒரு தோட்டம் வாங்கினார். ஒரு நாள் கரண்ட் போகும், கடைகள் மூடும், பால் வராது, எல்லாம் நிற்கும். அன்றைக்கு இவர் மட்டும் தன் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து, தன் தோட்டத்துக் காயைத் தின்று, கேட்டுக்கு வெளியே கையேந்தி நிற்கும் சொந்தக்காரர்களைப் பார்த்து, திறக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார். அந்தக் காட்சியை நினைத்தாலே அவருக்கு இனிக்கும்.

ஒரே இடைஞ்சல், நகரத்தில் இருந்த வீடு. அது மனைவியின் பெயரில் இருந்தது. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்துச் சேர்த்த சம்பளத்தில், ஜன்னல் கம்பியிலிருந்து குளியலறை ஓடுவரை அவளே நின்று பார்த்துப் பார்த்துக் கட்டியது. அதை விற்று, தோட்டத்தில் பூமிக்கடியில் ஒரு பாதுகாப்பு அறை கட்ட வேண்டும் என்பது ஆபத்தின் திட்டம்.

"உலகமே போகப்போகுது, உனக்கு வீடு எதுக்கு?" என்பார்.

"உலகம் போற அன்னிக்குக் குடுக்கறேன்," என்பாள் அவள்.

தினமும் இந்தப் பேச்சுதான். கடைசியில் மனைவியின் அண்ணன் தலையிட்டார். அவர் வக்கீல். எதையும் நிபந்தனையாக மாற்றிவிட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

"மாப்ள, வெள்ளம், பூகம்பம் எல்லாம் எனக்கு வேண்டாம்," என்று கிடங்கு அறையில் இருந்த பெரிய பீங்கான் ஜாடியைத் தட்டிக் காட்டினார். "இந்தக் கோடை முடியறவரைக்கும் ரெண்டு பேரும் கடைப்பக்கமே போகாம இங்க இருங்க. கோடை முடிஞ்சதும் நான் வருவேன். இந்த ஜாடி நிறைய உங்க கோழி முட்டை இருந்தா, தங்கச்சி வீட்டை விக்கக் கையெழுத்துப் போடுவா. இல்லேன்னா நீங்க தோட்டத்தை வித்துட்டு வாயை மூடிக்கிட்டு வீட்டுக்கு வரணும். சரியா?"

"ஜாடி பத்தாது மச்சான், அண்டா கொண்டு வாங்க," என்றார் ஆபத்து.

சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டு வைத்தால் முட்டை மாதக்கணக்கில் கெடாது என்று அவர் படித்திருந்தார். அவர் படித்தவற்றில் உண்மையாக இருந்த ஒரே விஷயம் அதுதான். அதனால் முட்டையைச் சாப்பிடக் கூடாது, சேமிக்கத்தான் வேண்டும் என்று உத்தரவு. கிடங்குச் சாவி மனைவியிடம். தலைவன் திட்டமிட வேண்டும், சாவி தூக்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

தண்ணீரும் ஜாடியும் தயார். முட்டைதான் இல்லை.

கோழிக்கு அமைதி வேண்டும் என்று ஒரு புத்தகம் சொன்னது. கூண்டை நிழலுக்கு மாற்றினார். நிழல் இருந்த இடத்தில்தான் தண்ணீர் மோட்டாரும் இருந்தது. மோட்டார் போடும்போதெல்லாம் கோழிகள் கூரையில் முட்டிக்கொண்டு அலறின, இறகு கொட்டியது. இறகு கொட்டினால் சத்துக் குறைவு என்று இன்னொரு புத்தகம் சொன்னது. தோட்டத்தில் விளைந்த ஒரே பொருள் பூசணிக்காய். வீட்டில் காலையிலும் பூசணி, மதியமும் பூசணி, மாலையில் பூசணி விதை. அதையே வேகவைத்துக் கோழிக்கும் போட்டார். அதற்குப் பிறகு கூண்டுக்குள் நுழைய அவருக்கே தைரியம் வரவில்லை.

"மொட்டைக் கோழியா திரியுதுங்க," என்றாள் மனைவி. "நானே அண்ணாவுக்கு ஃபோன் பண்ணி, சீக்கிரமே வந்துடுங்கன்னு சொல்லட்டுமா?"

ஆபத்து அவசரமாக வேண்டாமென்று கையசைத்தார். தோட்டம் போய்விட்டால்? நகரத்து வீட்டு பால்கனியில் உட்கார்ந்து, மச்சான் வரும்போதெல்லாம் "என்ன மாப்ள, இன்னிக்கு உலகம் எப்படி இருக்கு?" என்று கேட்பதைக் கேட்டுக்கொண்டு மீதி வாழ்நாளைக் கழிப்பதா?

மறுநாள் மாலை, புல் அறுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, சாக்குப்பையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினார். பஸ் நிறுத்தத்தில் ஒரே ஒரு கடை உண்டு. கடைக்காரர் எதையும் கேட்காத மனிதர். முட்டை வேண்டும் என்றதும் முட்டை கொடுத்தார். அதைப் புல்லுக்குள் ஒளித்து வைக்கும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். ஆபத்துக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது.

அடுத்த நாள் காலையில் கூண்டுப் பக்கமிருந்து சத்தம்.

"ஏங்க! இங்க வாங்க! ஆறு முட்டை!"

ஆபத்து நிதானமாகப் பல் தேய்த்துக்கொண்டே வந்தார். "நான் சொன்னேன்ல? இயற்கைக்கு டைம் குடுக்கணும்."

அவள் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகத்தில் சந்தோஷம் இருந்ததாகச் சொல்ல முடியாது. "கழுவித் துடைச்ச மாதிரி இருக்கே."

"சுத்தமான கோழி."

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

"ஒத்துமையான கோழி."

அவள் முட்டைகளை முந்தானையில் ஏந்திக் கிடங்குக்குக் கொண்டுபோனாள். அன்றிலிருந்து ஆபத்து தினமும் புல் அறுத்தார். வீட்டில் மாடு இல்லை என்பதை இருவருமே பேசவில்லை.

சனிக்கிழமை கிடங்குச் சோதனை. ஆபத்து சட்டையை மாட்டிக்கொண்டு அதிகாரி போலப் போய் ஜாடியைத் திறந்தார். உள்ளே இரண்டு முட்டைகள் கிடந்தன.

"மத்ததெல்லாம் எங்கே?"

மனைவி எட்டிப் பார்த்தாள். "சுண்ணாம்புல கரைஞ்சிருக்குமோ?"

'எனக்குத் தெரியாது' என்ற வார்த்தை மட்டும் ஆபத்தின் வாயில் வந்ததே இல்லை. "அதேதான்! ஓடு மெல்லிசா இருந்தா கரையும். படிச்சிருக்கேன்."

"உள்ளே இருக்கற மஞ்சக்கருவும் கரையுமா?"

"அதுதான் முதல்ல கரையும்."

"எவ்வளவு விஷயம் தெரியுது உங்களுக்கு," என்றாள் அவள்.

சுண்ணாம்பைக் குறைத்தார். முட்டையைக் கூட்டினார். இப்போதெல்லாம் கடையில் வாங்கும் முட்டைகளில் லேசாக வெள்ளை பூத்திருந்தது. 'என்னய்யா இது' என்று கேட்க வாயெடுத்தார். கேட்டால் பேச்சு வளரும், பேச்சு வளர்ந்தால் ஊருக்குத் தெரியும். வேட்டித் தலைப்பில் துடைத்துக் கூண்டில் வைத்தார்.

அடுத்த சோதனையில் மூன்று முட்டைகள்.

"கீரி!" என்றார் ஆபத்து.

"கதவு பூட்டியிருக்கு. சாவி என் இடுப்பில இருக்கு. ஜாடிக்கு மூடி வேற."

"மூடியைத் திறந்திருக்கும்."

"திறந்து எடுத்துட்டு, திரும்ப மூடிட்டுப் போயிருக்குமா?"

"தடயத்தை அழிக்கத் தெரியாத கீரியை நீ எங்கே பார்த்தே?"

காவலுக்கு ஒரு நாய் வந்தது. கொழுத்த, கறுப்பு நாய். கீரி எதையும் அது கண்டுகொள்ளவில்லை; கோழியைத்தான் கண்டது. அது வந்த அன்றே கோழிகள் மொத்தமும் கொல்லையில் இருந்த மரத்தில் ஏறிக்கொண்டன. பூசணியைக் காட்டிக் கூப்பிட்டுப் பார்த்தார். இன்னும் ஒரு கிளை மேலே போயின. ஏணி வைத்து ஏறினார். நாய் ஏணியின் அடியில் படுத்துக்கொண்டது. அன்று மதியம் முழுக்க ஆபத்தும் கோழிகளும் ஒரே மரத்தில் இருந்தார்கள்.

ஆனாலும் மறுநாள் காலை கூண்டில் முட்டை இருந்தது. பழக்க தோஷத்தில் அவர் வைத்துவிட்டிருந்தார்.

மனைவி கூண்டைப் பார்த்தாள். மரத்தைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள்.

"கோழியெல்லாம் மேலே இருக்கு. முட்டை கீழே இருக்கு."

"இறங்கி வந்து போட்டுட்டு ஏறியிருக்கும்."

"நாய் சும்மாவா விட்டுச்சு?"

"நாய் அசந்த நேரமா பார்த்து வந்திருக்கும்."

"கோழி நேரம் பாக்குமா?"

"உயிர் பயம் வந்தா எல்லாம் பாக்கும். முன்னெச்சரிக்கைன்னு நான் இத்தனை வருஷமா சொல்றேனே, கோழிக்குப் புரியுது. உனக்குப் புரியலை!"

அவள் சண்டைக்கு வரவில்லை. அதுதான் அவருக்கு ஆச்சரியம். வந்த புதிதில் காபி இல்லை, சோப்பு இல்லை, மனுஷி வாழ்வாளா என்று எரிந்து விழுந்தவள், இப்போது எதற்கும் முகம் சுளிப்பதில்லை. விடிந்ததும் துணிப்பையை எடுத்துக்கொண்டு, மூலிகை பறிக்க என்று நடக்கப் போவாள். திரும்பி வரும்போது பாட்டு முணுமுணுப்பாள். கன்னம்கூடக் கொஞ்சம் உப்பியிருந்தது.

"பூசணியோட மகிமை," என்று வக்கீல் மச்சானிடம் ஃபோனில் பெருமையடித்தார் ஆபத்து. "உங்க தங்கச்சி நகரத்துல இருந்ததைவிட இங்க தெம்பா இருக்கா. நீங்க பத்திரத்தை டைப் அடிச்சு எடுத்துக்கிட்டே வாங்க."

ஃபோனை வைத்துவிட்டு, மனைவியிடம் சாவியை வாங்கிக்கொண்டு கிடங்குக்குப் போய்ப் பார்த்தார். ஜாடியில் வெறும் சுண்ணாம்புத் தண்ணீர்தான் இருந்தது. அவருடைய முகமே அதில் அலையலையாகத் தெரிந்தது. கோடையும் முடிந்துவிட்டது. மச்சான் அன்று சாயங்காலமே வந்துவிடுவார்.

இனி கோழியும் வேண்டாம், கூண்டும் வேண்டாம். மனைவி குளிக்கப் போகும்போது ஆணியில் மாட்டிவிட்டுப் போன கிடங்குச் சாவியை எடுத்துக்கொண்டு, சைக்கிளை மிதித்துக் கடைக்குப் பறந்தார்.

"எவ்வளவு முட்டை இருக்கு?"

"ஒரு ட்ரே இருக்கு சார்."

"மொத்தமும் குடுங்க."

எதையும் கேட்காத கடைக்காரர் முதல் தடவையாகக் கொஞ்சம் தயங்கினார். "மொத்தமுமா சார்? வழக்கம்போல பாதி எடுத்துக்கங்களேன்."

"மொத்தமும்!"

முட்டைகளைச் சாக்குப்பைப் புல்லுக்குள் வைத்து வீடு கொண்டுவந்து, ஒவ்வொன்றாக ஜாடிக்குள் இறக்கினார். கழுத்துவரை நிறைந்தது. மூடியைப் போட்டு, சாவியை ஆணியில் மாட்டி, கையிலிருந்த சுண்ணாம்பைத் துடைப்பதற்கும் மச்சானின் கார் ஹாரன் அடிப்பதற்கும் சரியாக இருந்தது.

மச்சான் வந்ததிலிருந்து மனைவிக்கு அண்ணனைக் கவனிக்கவே நேரம் போதவில்லை. இரவு பூசணி. காலையில் எழுந்ததும் மறுபடியும் பூசணி. அதைப் பார்த்ததுமே வக்கீல், "சோதனையை முடிச்சுட்டு நான் கிளம்பறேன்," என்று எழுந்துவிட்டார்.

மூவரும் கிடங்குக்குப் போனார்கள். மனைவி சிரித்த முகத்தோடு முன்னால் நடந்தாள். சாவியை அவளேதான் திருகினாள். "பாருங்கண்ணா, நல்லாப் பாருங்க," என்று அவளேதான் மூடியைத் திறந்தாள்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை.

வக்கீல் கையை விட்டுத் துழாவினார். "மாப்ள! நிஜமாவே நிறைஞ்சிருக்கே!"

"அண்டா கொண்டு வாங்கன்னு அப்பவே சொன்னேன்," என்றார் ஆபத்து.

மனைவி ஜாடியையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எதையோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள். மறுபடி திறந்து, அண்ணனைப் பார்த்து, மறுபடி மூடிக்கொண்டாள். இயற்கையின் வல்லமையைக் கண்டு வாயடைத்துப்போய்விட்டாள் என்று ஆபத்து நினைத்துக்கொண்டார்.

கூடத்து மேஜையில் பத்திரம் விரிக்கப்பட்டது. அவள் பேனாவைத் திறந்தாள். அவள் தேர்ந்தெடுத்த ஜன்னல் கம்பிகள், அவள் நட்ட படிக்கட்டுச் செடிகள், தூக்கம் விழித்து வேலை பார்த்த வருடங்கள் எல்லாம் அந்த ஒரு தாளில் இருந்தன. கண் கலங்கியது. அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"கலங்காதே," என்றார் ஆபத்து. "கடையை நம்பி வாழ்ந்த காலம் போச்சு. இனிமே நமக்கு யார் தயவும் வேண்டாம். கையெழுத்தைப் போடு."

அப்போது வாசலில் சைக்கிள் மணி அடித்தது. பஸ் நிறுத்தத்துக் கடைக்காரர், காலி ட்ரேயைக் கையில் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்து வாசலில் வந்து நின்றார். ஆபத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருவருக்கும் பொதுவாகக் குறைப்பட்டுக்கொண்டார்.

"என்னம்மா இது, காலையில நீங்க முட்டையைக் கொண்டாந்து குடுத்து காபித்தூளும் பிஸ்கட்டும் வாங்கிட்டுப் போனாத்தானே சாயங்காலம் சார் வந்து கேக்கறப்ப நான் எடுத்துக் குடுக்க முடியும், இந்தக் கோடை பூரா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஓடிட்டிருக்கறது அந்த ஒரு ட்ரே முட்டைதானே!"