விதி ஒன்பதும் எலுமிச்சங்காய் ஊறுகாயும்

எங்கள் சபை மிஷன் குழுவின் நடைமுறை விதிகளில் ஒன்பதாவது இப்படிச் சொல்கிறது: "பயணத்தின்போது எடுக்கப்படும் எந்தக் குழந்தையின் படத்தையும், பெற்றோரின் எழுத்துமூலமான சம்மதம் இன்றி, எந்த விளம்பரத்திலும் பயன்படுத்தக் கூடாது. மீறினால் படம் உடனே அகற்றப்பட்டு, குழு வருத்தம் தெரிவிக்க வேண்டும்."

இதில் புரியாத சொல் ஏதாவது இருக்கிறதா? இருக்காது. எழுதியவன் நான். பணிக்காலம் முழுக்கக் கோப்புக் குறிப்பு எழுதி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். என் வாக்கியத்தில் ஓட்டை இருக்காது. ஆனால் விதிகளைப் படிப்பதே இல்லை என்று இருப்பவரை எந்த வாக்கியத்தால் தடுக்க முடியும்?

அவர் என் மைத்துனர் ஜெபராஜ். கிறிஸ்டிக்கு, அதாவது என் மனைவிக்கு, உடன்பிறந்த தம்பி. மிஷன் குழுவின் அமைப்பாளர். அவர் என்னை மாமா என்பார், நான் அவரை மச்சான் என்பேன். (கோபம் வந்தால் 'அமைப்பாளர் அவர்களே' என்பேன். இந்த வருஷம் பெரும்பாலும் அமைப்பாளர் அவர்களேதான்.)

கடலூரிலிருந்து டான்சானியாவுக்குக் கிளம்பும் முன் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவர் எங்களுக்கு அறிவுரை சொன்னார்.

"மாமா, அங்க சாப்பாடே கெடைக்காதாம். கெடைக்கிறதையும் நம்மால வாய்ல வைக்க முடியாதாம். எதுனா கட்டி எடுத்துக்குனு வந்துடுங்க."

கிறிஸ்டி ஒரு பெரிய பாட்டில் எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டுக் கொடுத்தாள். அதை மூன்று பிளாஸ்டிக் பைகளில் சுற்றி, என் வேட்டிகளுக்கு நடுவே வைத்து, பசித்த கண்டத்தை நோக்கிப் புறப்பட்டேன்.

அங்கே என்னைத் தங்கவைத்தவர் ரெஹேமா டீச்சர். அந்த ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியை. அவர் வீட்டு வரவேற்பறைக்குள் என் செம்மண்டலத்து வீட்டையே நிறுத்தலாம். முதல் நாளே சாப்பாட்டு மேஜையைப் பார்த்துத் திகைத்தேன். உகாலி என்றார்கள், நம் களிதான், கேழ்வரகுக்குப் பதில் வெள்ளைச் சோளமாவு. கூடவே கோழிக்குழம்பு, கீரை, பீன்ஸ், வாழைக்காய், தேங்காய்ப்பால் சோறு. நான் தட்டைக் காலி செய்தால் மரியாதைக்கு மறுபடி வைப்பார்கள். நான் மரியாதைக்கு மறுபடி காலி செய்வேன். பசியைப் போக்கப் போன எங்கள் குழுவில், திரும்பி வரும்போது ஒருவராலும் பேன்ட் பொத்தானைப் போட முடியவில்லை.

டீச்சரின் மகள் நீமா. மூன்றாம் வகுப்பு. கேள்வி கேட்டே ஆளைக் கொல்லும் ரகம். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது என் பாட்டிலைக் காட்டி, "அது என்ன? எங்களுக்குத் தராமல் நீங்கள் மட்டும் ஏன் சாப்பிடுகிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நியாயமான கேள்வி. அறிவுள்ளவனாக இருந்தால் விரல் நுனியால் தொட்டுக் காட்டியிருப்பேன். தாராளப் பிரபுவாகிய நான் ஒரு முழு ஸ்பூன் கொடுத்தேன். அவள் அதைப் பழ ஜாம் என்று நினைத்து அப்படியே வாயில் போட்டுக்கொண்டாள்.

அடுத்து எழுந்த அலறலுக்குப் பக்கத்து வீட்டு ஆடுகள் ஓடின. நீமாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ரெஹேமா டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் பதறிப்போய் அவள் தலையில் கையை வைத்து, "தண்ணி, தண்ணி" என்று தமிழில் கத்திக்கொண்டிருந்தேன். எதிரே ஜெபராஜ் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

நீமா விட்டாளா? கண்ணைத் துடைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். சுண்டுவிரல் நகத்தளவு சிவப்பு மிளகாய் ஒன்றைப் பறித்து வந்து என் தட்டில் வைத்தாள். பிலிபிலி என்று பெயராம். "இப்போது உங்கள் முறை."

நான் எழுந்து நின்று ஒரு சிற்றுரை ஆற்றினேன். கடலூர்த் துறைமுகத்து மீன்குழம்பில் வளர்ந்த நாக்கு இது, எங்களுக்கு மிளகாயைக் காட்டிப் பயமுறுத்துவது மீனுக்குத் தண்ணீரைக் காட்டுவது மாதிரி, என்றெல்லாம் பேசிவிட்டு முழுசாகக் கடித்தேன்.

பிறகு நடந்தது எனக்குச் சரியாக ஞாபகமில்லை. டீச்சர் ஏதோ பாடப்புத்தகத்தால் என் முகத்துக்கு விசிறிக்கொண்டிருந்தார். நீமா அம்மாவின் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே நின்றாள். ஏதோ விளையாடுகிறாள் என்று நினைத்தேன்.

ஊர் திரும்பியதும் சிதம்பரத்தில் இருக்கும் எங்கள் கிளைச் சபையில் சாட்சிக் கூட்டம் ஏற்பாடாயிற்று. போய் வந்தவர்கள் மேடையேறி, ஆண்டவர் தங்களை எப்படிப் பயன்படுத்தினார் என்று சொல்வார்கள். கேட்பவர்கள் உருகுவார்கள். அதை இணையத்திலும் நேரலையாகக் காட்டுவார்கள். நான் பெருமையாக ரெஹேமா டீச்சருக்கு அந்த இணைப்பை அனுப்பினேன். 'உங்கள் விருந்தோம்பலைப் பற்றித்தான் பேசப்போகிறேன், குடும்பத்தோடு பாருங்கள்.' எனக்கு நானே இப்படி ஆப்பு வைத்துக்கொள்வதில் நான் கெட்டிக்காரன்.

பஸ் சிப்காட்டைத் தாண்டுவதற்குள் உரை முழுதும் மனப்பாடம். கிறிஸ்டி பட்டுப்புடவையில் பக்கத்தில் உட்கார்ந்து, "ரொம்ப இழுக்காதீங்க, ஜனங்க பஸ்ஸு புடிச்சிப் போவணும்" என்றாள்.

சிதம்பரத்தில் சபை மண்டபத்துக்குள் நுழைந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். மேடையின் பின்னால், சவுக்குக் கழிகளில் கட்டிய பெரிய ஃப்ளெக்ஸ். அதில் சுவர் உயரத்துக்கு நீமாவின் அழுத முகம். அவள் தலையில் என் கை. மேலே தமிழில், 'பசியில் அழும் பிஞ்சு! கண்ணீர் துடைத்த கரம்!' கீழே ஆங்கிலத்திலும் அதே பசி, உலகத்துக்கே புரியட்டும் என்று.

"மச்சான், என்னா இது?"

"ஃப்ளெக்ஸ் மாமா. எப்டி? உங்க கை நல்லா விழுந்துக்குது பாருங்க."

"அந்தப் பொண்ணு ஊறுகா தின்னுட்டு அழுதுச்சுய்யா!"

"அது நமக்குத் தெரியும். ஜனங்களுக்குத் தெரியுமா?"

"அவ அம்மா சிரிச்சிக்குனு பக்கத்துலயே நின்னாங்களே. அவுங்க எங்க?"

"கட் பண்ணிட்டேன். அவுங்க சிரிச்சா ஃபீல் வராது."

"கோழிக்கறித் தட்டு?"

"அதுந்தான்."

"அமைப்பாளர் அவர்களே, விதி ஒம்பது என்னா சொல்லுது?"

"ஐய, ஆண்டவரோட வேலைக்கு என்னா மாமா விதி? ஆபீஸ விட்டு வந்து இம்மாம் வருசம் ஆவுது, நீங்க இன்னும் ரிட்டயர்டே ஆவல."

நான் சபை விடுதியில் படித்தவன். ஒரு கிறிஸ்துமஸ் சமயம் வெளிநாட்டிலிருந்து ஒரு துரை கேமராவோடு வந்தார். புதுச்சட்டை போட்டிருந்த எங்களை வார்டன் வரிசையில் நிறுத்தி, சட்டையைக் கழற்றச் சொன்னார். அன்று எனக்குப் பசியே இல்லை. பிரியாணி தின்று ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தேன். சிரிக்கக் கூடாது என்றார்கள், சிரிக்கவில்லை. ஏதோ ஒரு குளிர்தேசத்துச் சபைச் சுவரில் நான் சட்டையில்லாமல் எத்தனை காலம் பசித்துக்கொண்டு தொங்கினேனோ, தெரியாது. என் அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. விதி ஒன்பதின் ஒவ்வொரு சொல்லையும் அந்தச் சட்டையை மனதில் வைத்துத்தான் எழுதினேன். இப்போது சட்டையைக் கழற்றச் சொன்னவர் இருந்த இடத்தில் என் மச்சான். தலையில் கை வைத்து நிற்பது நான்.

கைப்பேசி அதிர்ந்தது. ரெஹேமா டீச்சர்.

'மேடையில் இருப்பது நீமாவா? கீழே பசி என்று எழுதியிருக்கிறதே? அவள் வகுப்புப் பிள்ளைகளை எல்லாம் வீட்டுக்குக் கூப்பிட்டு வைத்திருக்கிறாள், எங்கள் இந்தியத் தாத்தா பேசப்போகிறார் என்று.'

'இன்றே, இப்போதே இறக்கிவிடுகிறேன். நீமாவை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள்' என்று பதில் போட்டேன்.

'அவள் அழவில்லை. பேசாமல் இருக்கிறாள்.'

அதைப் படித்த பிறகு, மனப்பாடம் செய்த உரையில் ஒரு வரிகூட மிஞ்சவில்லை. ஆயர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மேடையேறி, "ஒழுங்குப் பிரச்சினை ஒன்றை எழுப்ப விரும்புகிறேன்" என்று ஆரம்பித்தேன். (சாட்சிக் கூட்டத்தில் ஒழுங்குப் பிரச்சினை எழுப்பிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.) "இந்தக் குழந்தை பசியால் அழவில்லை. என் ஊறுகாயைத் தின்று அழுதாள்."

முன்வரிசையில் ஓர் அம்மாள் மார்பில் அடித்துக்கொண்டார். "ஐயோ கர்த்தாவே! சோறுகூட இல்லாம வெறும் ஊறுகாயவா தின்னுச்சு அந்தப் புள்ள!"

மொத்த மண்டபமும் விம்மியது.

"சோறு இருந்தது! கோழி இருந்தது! ரெண்டு வகைப் பொரியல் இருந்தது!" என்று கத்தினேன்.

"தன் சாப்பாட்டையே குடுத்துட்டு எவ்ளோ தாழ்மையாப் பேசறாரு பாருங்க" என்றார் இன்னொருவர்.

ஜெபராஜ் கீபோர்டுக்காரருக்குச் சாடை காட்டினார். பாட்டு ஆரம்பித்தது. என் மைக் செத்தது. காணிக்கைப் பை வரிசை வரிசையாக நகர்ந்தது. நேரலைக் கேமரா மட்டும் என்னையும் நீமாவையும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

வாயால் ஆகாததைக் கையால் செய்வது என்று முடிவெடுத்தேன். பணிக்காலத்தில் ஒருநாளும் அப்படி முடிவெடுத்ததில்லை. அதனால் பழக்கம் போதவில்லை. ஃப்ளெக்ஸைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்க முயன்றேன். முடிச்சு இறுகியிருந்தது. கழியைப் பிடித்து இழுத்தேன். கழி என்னை இழுத்தது. அடுத்த நொடி நான் ஃப்ளெக்ஸுக்கு அடியில் கிடந்தேன். உள்ளே இருட்டு, பெயின்ட் வாசனை. வெளியே கீபோர்டு நிற்கவே இல்லை.

"ஏங்க, உள்ளதான் இருக்கீங்களா?" கிறிஸ்டியின் குரல்.

திமிறினேன். நீமாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்த இடம் டர்ரென்று கிழிந்து, அதன் வழியாக என் தலை வெளியே வந்தது. எதிரே கேமரா.

கைப்பேசியைத் தேடி எடுத்தபோது டீச்சரின் செய்தி வந்திருந்தது. 'இறங்கிவிட்டது, நன்றி. அடிபட்டதா?'

'இல்லை. நீமா?' என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

விதி ஒன்பதின் இரண்டாம் வாக்கியம் பாக்கி இருந்தது: குழு வருத்தம் தெரிவிக்க வேண்டும். முறைப்படி மனு கொடுத்தேன். 'பரிசீலனையில் உள்ளது' என்றார்கள். நினைவூட்டல் அனுப்பினேன். நினைவூட்டலைக் குறிப்பிட்டு இன்னொரு நினைவூட்டல் அனுப்பினேன். கடைசியில் ஜெபராஜே வீட்டுக்கு வந்து, என்னிடம் பேசாமல் கிறிஸ்டியிடம் பேசினார்.

"அக்கா, ஃப்ளெக்ஸக் கிழிச்சது மாமா. அதுக்கு யாரு வருத்தம் தெரிவிக்கிறது?"

"நீ அந்தப் புள்ளைக்கு மொதல்ல தெரிவி. அப்புறமா மாமா ஃப்ளெக்ஸுக்குத் தெரிவிப்பாரு" என்றாள் கிறிஸ்டி. அவருக்கு டீ மட்டும் வந்தது. முறுக்கு வரவில்லை. எங்கள் வீட்டில் அது கடுமையான தண்டனை.

குழு எழுதாது என்று தெரிந்ததும் நானே நீமாவுக்கு எழுதினேன். விதி ஒன்பதை அவளுக்குப் புரியும் ஆங்கிலத்தில் போட்டு, 'இதை எழுதியவனும் நான்தான், உன் தலையில் இருந்த கையும் என்னுடையதுதான். நீ பசித்திருக்கவில்லை. எல்லோரிடமும் சொன்னேன், ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது' என்று முடித்தேன். நாள்கள் போயின. பதில் இல்லை. அந்தப் பிள்ளை இன்னும் பேசாமல்தான் இருக்கிறாளோ என்று நினைக்க நினைக்க, ஜெபராஜின் மேல் ஆத்திரம் ஏறியதே தவிர இறங்கவில்லை.

பிறகு ஒரு படம் வந்தது. படத்தில் நான். கண் சிவந்து, வாய் பிளந்து, மூக்கு ஒழுகி, கன்னமெல்லாம் கண்ணீர். பிலிபிலி தின்ற நாள். விசிறிய டீச்சரை வெட்டி எடுத்தாகிவிட்டது. சாப்பாட்டுத் தட்டும் இல்லை. மேலே கலர் பென்சிலில் பெரிய எழுத்து: 'பசியில் அழும் இந்தியத் தாத்தா! உதவி செய்யுங்கள்!'

அடியில் நீமாவின் கையெழுத்தில் சில வரிகள். 'தாத்தா, இதை என் வகுப்பில் மாட்ட வேண்டும். விதி ஒன்பதின்படி உங்கள் பெற்றோரின் சம்மதம் தேவை. அவர்கள் இல்லையென்றால் உங்கள் மனைவி கையெழுத்துப் போடலாம் என்று அம்மா சொல்கிறார்.'

நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்து முடிப்பதற்குள் கிறிஸ்டி கையெழுத்துப் போட்டு அனுப்பியேவிட்டாள். இப்போது டிபன் கொஞ்சம் தாமதமாகி நான் முகத்தைச் சுளித்தால் போதும், "இந்தியத் தாத்தா அழுவுறாரு, யாராச்சும் உதவி பண்ணுங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். ஜெபராஜ்கூட அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "மாமா, இதுல ஃபீல் வந்துக்குது" என்றார். முறுக்கு இன்னும் கிடையாது.

குழுவின் பதில் இதுவரை வரவில்லை. நீமாவின் பதில் வந்துவிட்டது.