ஜன்னலைச் சாத்திப் போட்ட கணக்கு

நான் கணக்கில் கெட்டிக்காரன் என்பதை முதலில் நம்பியவன் நான்தான். வேறு யாரும் நம்பியதாக நினைவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் இலங்கை மலையகத்தில், பெரகலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாகச் சேர்ந்திருந்தேன். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று தோட்ட நிர்வாகியான துரை சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் மானாப்புல் மண்டிய ஒரு சரிவை எரித்துச் சுத்தம் செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. சரிவின் உச்சியில் தேயிலை நாற்றுமேடை. அது கருகினால் என் வேலையும் கருகும்.

குத்துமதிப்பாகச் செய்ய எனக்கென்ன தலையெழுத்தா? (பள்ளிப் பரீட்சையில் விஞ்ஞானத்தில் திறமைச் சித்தி.) குசினியில் அடுப்போரமாக ஒரு தகரத் தட்டில் களிமண் பரப்பி, ஓரடி நீளத்துக்குக் காய்ந்த மானாப்புல்லை நட்டு நெருப்பு வைத்தேன். சட்டென்று எரிந்து தீர்ந்தது. காற்று கணக்கைக் கெடுக்கிறது என்று ஜன்னலைச் சாத்தினேன். இப்போது ஓரடிக்கு ஒரு நிமிடம். சரிவு முந்நூறு அடி. ஆக, ஐந்து மணி நேரம்.

மறுநாள் காலை அடிவாரத்தில் தீப்பெட்டியோடு நின்றேன். புல் வெட்ட வந்திருந்த பாக்கியம் தயங்கித் தயங்கி அருகில் வந்தாள்.

"ஐயா, மேலயிருந்து கொஞ்சங்கொஞ்சமா எரிச்சிட்டு வரணுங்க. கீழ வச்சா ஏறி ஓடிரும்."

"மத்தியானத்துக்கு மேலதான் அது உச்சிக்குப் போகும். கணக்குப் பாத்தாச்சு."

"எங்க பாத்தீங்க?"

"தட்டுல."

"காத்து அடிச்சிச்சாங்க?"

"ஜன்னல சாத்திட்டேன்."

அவள் நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு மேலே போனாள். அடங்கிவிட்டாள் என்று எனக்குப் பெருமை. நோட்டில் கோடு போட்டு, கைக்கடிகாரத்தைத் துடைத்து, இரண்டு தடவை பிளேன்டீ குடித்துவிட்டுச் சாவகாசமாகப் பற்றவைத்தேன்.

மலைக்கு ஜன்னல் கிடையாது. முதல் நிமிடத்தை நோட்டில் குறிப்பதற்குள் நெருப்பு பாதிச் சரிவைத் தாண்டியிருந்தது. சுற்றுப்பாதையில் விழுந்தடித்து ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பாக்கியமும் அந்தப் பெண்களும் நாற்றுமேடைக்கு முன்னால் பத்தடி அகலத்துக்குப் புல்லை மொட்டையடித்து வைத்திருந்தார்கள். தாண்டி விழுந்த பொறிகளைப் பச்சைக் கிளைகளால் அடித்து அணைத்திருந்தார்கள். ஒரு கன்றும் வாடவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. (புகை என்று சமாளித்தேன்.)

துரை வந்து பார்த்தார். "முன்னாடியே புல்ல வெட்டச் சொன்னது யாரு?"

"ஐயாதாங்க," என்றாள் பாக்கியம், என்னைப் பார்க்காமலே.

வேலை நிரந்தரமானது. அடுத்த வருடம் பாக்கியத்தையே கட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டில் இன்றும் நான் கணக்குப் போடப் பேனாவை எடுத்தால் போதும், யாராவது ஒருவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வருகிறார்கள்.